விட்டது யார் கைக்குப் போனது?

டீ ஆறுவதற்குள் இதைப் பார்த்துவிடலாம். ஸீட் (cede), சரண்டர், அபாண்டன், ரினௌன்ஸ், வெய்வ், ரெலிங்குவிஷ். ஆங்கில-தமிழ் அகராதியில் இவற்றைத் தேடினால் ‘விட்டுக்கொடு’, ‘கைவிடு’ என்றே திரும்பத் திரும்ப வரும். ஒன்றின் இடத்தில் இன்னொன்றைப் போட்டால் இலக்கணம் தப்பாது, பொருள் தப்பிவிடும். சரியான சொல்லைத் தேர்ந்தெடுக்க இரண்டு கேள்விகள் போதும்: எப்படி விட்டார்? விட்டது யார் கைக்குப் போனது?

ஸீட் என்றால் எதிரே வாங்கிக்கொள்ள ஒருவர் இருக்க வேண்டும். 1842இல் நான்கிங் உடன்படிக்கையில் சீனா ஹாங்காங் தீவை பிரிட்டனுக்கு எழுதிக்கொடுத்தது ஸீட். சரண்டரிலும் வாங்குபவர் உண்டு, ஆனால் அதில் முதலில் தெரிவது தோல்வி. 1945 செப்டம்பர் 2 அன்று டோக்கியோ விரிகுடாவில், மிசௌரி போர்க்கப்பலில் ஜப்பான் கையெழுத்திட்டது அப்படி.

அபாண்டனில் வாங்க ஆளே இல்லை. 1872இல் மேரி செலஸ்ட் என்ற கப்பல் அட்லாண்டிக்கில் ஆளில்லாமல் மிதந்தது. அதில் இருந்தவர்கள் யாரிடமும் ஒப்படைக்கவில்லை, அப்படியே விட்டுப் போய்விட்டார்கள்.

ரினௌன்ஸ் ஊரறியச் சொல்லி விடுவது. 1936 டிசம்பர் 10 அன்று பிரிட்டிஷ் அரசர் எட்டாம் எட்வர்ட் கையெழுத்திட்ட பத்திரத்தைப் பாருங்கள். அரசர் முடி துறப்பதற்கென்றே உள்ள அப்டிகேட் என்ற சொல்லின் பெயர் வடிவம் தலைப்பில் இருக்கிறது. உள்ளே அரியணையை விடும் இடத்தில் வருவதோ ரினௌன்ஸ். அவர் பதவியிலிருந்து இறங்கினால் மட்டும் போதாது. தமக்கும் தம் சந்ததிக்கும் இனி அதில் உரிமையில்லை என்று அறிவிக்க வேண்டியிருந்தது.

வெய்வ் இவ்வளவு கனமில்லை. தாமதக் கட்டணத்தை வங்கி இந்த மாதம் வெய்வ் செய்யலாம். அடுத்த மாதம் தாமதமானால் தாராளமாகக் கேட்கும்.

கடைசியாக ரெலிங்குவிஷ். கையில் பிடித்திருந்த உரிமையையோ பொறுப்பையோ, பல சமயம் மனமில்லாமலே, முறைப்படி விடுவது. பூர்வீக வீட்டில் தன் பங்கை அண்ணனுக்கு விட்டுத் தங்கை சார்பதிவாளர் அலுவலகத்தில் விடுதலைப் பத்திரம் எழுதிக்கொடுக்கிறாள் அல்லவா, அதற்குப் பொருந்துவது இதுதான். அங்கே அபாண்டன் என்று எழுதினால், பங்கு அண்ணனுக்குப் போனதாக ஆகாது. கேட்பாரற்றுக் கிடப்பதாக ஆகிவிடும்.