கந்தக பூமியின் கதைகள் – 9: தீப்பெட்டி ஆபீசிலிருந்து ஒரு பாடப்புத்தகம்

விருதுநகர், சிவகாசி, சாத்தூர் வட்டாரத்துக் கல்லூரிகளில் படிக்கிற பிள்ளைகள் பலருடைய வீட்டில் பட்டாசு ஆபீசுக்கோ தீப்பெட்டி ஆபீசுக்கோ வேலைக்குப் போகிறவர் ஒருவராவது இருப்பார். ஆங்கில இலக்கியம் எடுத்த பிள்ளைகளுக்குப் பூர்வகுடி எழுத்தாளர்களும் பழக்கம். ஆஸ்திரேலியாவின் சாலி மார்கன், அமெரிக்காவின் ஸ்காட் மாமடே, கனடாவின் மரியா கேம்பல் என்று தமிழகத்தில் எழுதப்பட்ட ஆய்வேடுகளுக்குக் கணக்கில்லை. படிக்கட்டும், நல்லதுதான். எங்கோ பனி பெய்யும் நாட்டில் நிலம் பறிபோன ஒரு கிழவியின் துயரம் கரிசல்காட்டுப் பிள்ளைக்கு உடனே விளங்கிவிடுகிறது. அந்தப் பாடத்தோடு நம் ஊர்ப் புத்தகங்களையும் சேர்த்துப் படிக்க வேண்டும் என்பதுதான் இந்த வாரம் நான் சொல்ல வருவது.

மரியா கேம்பல் மேதி இனத்துப் பெண். தன் வாழ்க்கையை 'ஹாஃப்பிரீட்' என்ற பெயரில் 1973இல் வெளியிட்டார். பதினான்கு வயதில் ஒரு போலீஸ்காரர் தன்னைப் பலாத்காரம் செய்ததையும் அதில் எழுதியிருந்தார். வழக்கு வரும் என்று பயந்த பதிப்பாளர் அந்தப் பக்கங்களை எடுத்துவிட்டார். நாற்பது வருஷத்துக்கு மேல் கனடாவின் வகுப்பறைகள் படித்தது அந்தக் குறைப்பட்ட புத்தகத்தைத்தான். 2018இல் ஆய்வாளர்கள் பதிப்பகத்தின் பழைய காகிதங்களில் அந்தப் பக்கங்களைக் கண்டெடுத்தார்கள். 2019 பதிப்பில் அவை திரும்பச் சேர்ந்தன. ஒரு மக்கள் கூட்டம் தன் கதையைத் தானே எழுதினாலும், அதில் எது அச்சேறலாம் என்று முடிவு செய்கிறவர் வேறொருவராக இருக்கிறார். பூர்வகுடி இலக்கியம் படிக்கிறவர்கள் முதலில் பார்க்க வேண்டியது இதைத்தான்.

இனி நம் பக்கம் வருவோம். வத்திராயிருப்பை ஒட்டி, மேற்கு மலையின் அடிவாரத்தில் இருக்கிறது புதுப்பட்டி. அங்கே ஒரே வீட்டிலிருந்து இரண்டு எழுத்தாளர்கள் வந்தார்கள். அண்ணன் ராஜ் கௌதமன், தங்கை பாமா. கன்னியர் மடத்தை விட்டு வெளியேறிய பாமாவின் 'கருக்கு' 1992இல் வெளிவந்தது. எழுத்துத் தமிழை ஒதுக்கிவைத்து, தெருவில் பேசுகிற பேச்சிலேயே எழுதிய தன்வரலாறு அது. ஊரை இழிவுபடுத்திவிட்டாள் என்று சொந்த சனமே கோபித்ததில், பல மாதம் அவரால் ஊருக்குள் போக முடியவில்லை.

கருக்கில் ஒரு காட்சி. தெருப் பெரியவர் ஒருவர் பலகாரப் பொட்டலத்தைக் கையால் தொடாமல், கட்டிய நூலை மட்டும் பிடித்துத் தூக்கிக்கொண்டு போய் நிலக்காரரிடம் குனிந்து நீட்டுகிறார். பார்த்த சிறுமிக்குச் சிரிப்பு தாங்கவில்லை. வீட்டுக்கு வந்து அண்ணனிடம் சொல்லிச் சிரிக்கிறாள். அண்ணன் சிரிக்கவில்லை. அவர் ஏன் நூலைப் பிடித்தார் என்று விளக்குகிறான். தீண்டாமை பற்றி நான் படித்த எந்தக் கட்டுரையும் அந்தப் பொட்டலத்தைப் போல மனதில் தங்கவில்லை.

1994இல் வந்த பாமாவின் 'சங்கதி' நம் தீப்பெட்டி ஆபீசுக்குள்ளேயே போகிறது. அதில் மைக்கண்ணி என்று ஒரு சிறுமி. அம்மா பிரசவத்துக்குப் படுக்கும்போதெல்லாம் தீப்பெட்டி ஆபீசுக்குப் போய்ச் சம்பாதித்து வருவது அவள்தான். அம்மா எழுந்து வேலைக்குக் கிளம்பிவிட்டால் வீட்டு வேலையும் கைக்குழந்தையும் அவள் பொறுப்பு. மைக்கண்ணியைப் போல வேலைக்குப் போன சிவகாசிக் குழந்தைகள் குறித்து வழக்கறிஞர் எம்.சி. மேத்தா தொடுத்த வழக்கில் உச்ச நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னது 1996 டிசம்பரில். ஆபத்தான தொழிலில் வைத்த ஒவ்வொரு குழந்தைக்கும் முதலாளி இருபதாயிரம் ரூபாய் கட்ட வேண்டும் என்றது. மிகப் பெரிய தீர்ப்பு. ஆனால் மைக்கண்ணி என்ன நினைத்தாள், எதற்குச் சிரித்தாள், யாரிடம் அடிவாங்கினாள் என்பதெல்லாம் தீர்ப்பில் இருக்காது. அதற்குப் பாமாதான் வேண்டும்.

பாமாவுடையது போன்ற தலித் எழுத்தைப் பூர்வகுடி எழுத்தோடு சேர்க்கலாமா என்று கேட்பார்கள். சட்டத்தில் பட்டியல் சாதி வேறு, பழங்குடி வேறு. அந்த வேறுபாட்டை மறக்கக் கூடாது. ஆனால் இந்த மண்ணின் பூர்வகுடிகள் நாங்கள்தான் என்ற குரல் அயோத்திதாசர் காலத்திலிருந்தே இங்கே ஒலிக்கிறது. 'ஆதி திராவிடர்' என்ற பெயரை 1922இல் சென்னை மாகாண அரசு ஏற்றதும் அந்தக் குரலால்தான். அயோத்திதாசரைப் பற்றி விரிவான ஆய்வு நூல் எழுதியவர் யார் தெரியுமா? புதுப்பட்டி ராஜ் கௌதமன்தான்.

நம் கல்லூரிகளில் கருக்கை ஆங்கிலத் துறை பாடமாக வைக்கும்போது, லட்சுமி ஹோம்ஸ்ட்ராமின் மொழிபெயர்ப்பில் வைக்கிறார்கள். அது விருது பெற்ற மொழிபெயர்ப்பு, உலகத்துக்கே பாமாவைக் காட்டியது. இருந்தும் வத்திராயிருப்புப் பேச்சு பேசுகிற பிள்ளை தன் பேச்சிலேயே எழுதிய புத்தகத்தை இங்கிலீஷில் மட்டும் படித்துத் தேர்வு எழுதுவது எனக்கு ஏற்பில்லை.

புதுப்பட்டியை ஒட்டிய அதே மேற்கு மலையில் பளியர் என்ற பழங்குடி மக்கள் இருக்கிறார்கள். திருவில்லிபுத்தூர் செண்பகத்தோப்பில் அவர்கள் குடியிருப்பு உண்டு. தேன் எடுப்பதும் கிழங்கு தோண்டுவதும் அவர்கள் தலைமுறை தலைமுறையாகக் கற்ற கல்வி. அவர்கள் காடு 2021இல் புலிகள் காப்பகமாகவும் ஆனது. 1909இல் எட்கர் தர்ஸ்டன் அவர்களைப் பற்றி எழுதினார். 1960களில் பீட்டர் கார்ட்னர் என்ற அமெரிக்கர் பளியர்களோடு தங்கி ஆராய்ந்து எழுதினார். இவை எல்லாம் பிறர் பளியரைப் பற்றி எழுதியவை.

ஆகவே இலக்கியத் துறை ஆசிரியர்களுக்கு ஒரு வேண்டுகோள். பூர்வகுடி இலக்கியத் தாள் நடத்தும் பருவத்தில் கருக்கையும் சங்கதியையும் தமிழிலேயே வாசிக்கக் கொடுங்கள். பிள்ளைகளைச் செண்பகத்தோப்புக்கு அழைத்துப் போங்கள். பளியர்கள் சம்மதித்துச் சொல்லும் கதைகளையும் பாட்டுகளையும் அவர்கள் பேச்சிலேயே பதிவு செய்யுங்கள். எது அச்சில் வரலாம், எது வரக்கூடாது என்பதை அவர்களே சொல்லட்டும். நூலாக வரும்போது ஆசிரியர் பெயர் இருக்கும் இடத்தில் சொன்னவர் பெயரைப் போடுங்கள்.

(தொடரும்)