வாசலில் வளர்ந்த விஷம்

"ஏன் சார், காடு பெளஸ்தா இதீரா?"

பக்கத்துக் குவார்ட்டர்ஸில் இருக்கும் கீமேன் கன்னடக்காரர். காலையில் சுத்தியலைத் தோளில் போட்டுக்கொண்டு லயனுக்குப் போகும்போது என்னைப் பார்த்து இப்படித்தான் கேட்பார். காடா வளர்க்கிறீர்கள் என்று கேலி. நானும் சிரித்துவிட்டு ஆபீசுக்குக் கிளம்பிவிடுவேன்.

அவர் கேட்டதில் தவறில்லை. கேட்டிலிருந்து வாசற்படிவரை 30 அடி, அகலம் 18 அடி. இந்த இடம் முழுவதும் இடுப்பளவுக்குச் செடி மண்டிக்கிடந்தது. நடுவில் ஆள் போக ஒற்றையடிப் பாதை. தபால்காரர் உள்ளே வருவதை நிறுத்திவிட்டார். கேட்டிலிருந்தே பெயரைச் சொல்லிக் கூப்பிடுவார். மழைக்காலத்தில் ஒருமுறை சாரைப்பாம்பு வாசற்படிவரை வந்து எட்டிப் பார்த்துவிட்டுப் போனது. அப்போதும் எனக்குப் புத்தி வரவில்லை.

நான் சொல்லிக்கொண்ட சமாதானம் இதுதான்: நாளைக்கே டிரான்ஸ்பர் வந்தால் போட்டது போட்டபடி போகவேண்டியவன். சர்க்கார் மண்ணுக்கு நான் ஏன் வியர்வை சிந்தவேண்டும்?

பெங்களூருக்குப் பிழைக்க வந்த நம்மில் பலருக்கு இந்த எண்ணம் உண்டு. பொங்கலுக்கு ஊருக்குப் போனால், பூட்டிக்கிடக்கும் வீட்டின் வாசலைக்கூடச் செதுக்கிப் பெருக்கிச் சாணம் தெளித்துவிட்டு வருவோம். வருஷத்தில் 350 நாள் குடியிருக்கிற இடத்தைத் திரும்பிப் பார்க்கமாட்டோம். ஆனால் குடியரசு தினத்துக்கும் சுதந்திர தினத்துக்கும் லால்பாக் கண்ணாடி மாளிகையில் மலர்க் கண்காட்சி என்றால் குடும்பத்தோடு முதல் வரிசையில் நிற்போம்!

அம்மா வந்தாள்

சென்ற ஆண்டு வைகாசியில் அம்மா திருப்பத்தூர் பக்கத்திலிருந்து எங்களோடு இருக்க வந்தாள். அப்பா போனபிறகு அங்கே அவளுக்கு யாருமில்லை. என் தங்கை வீடு அடுத்த தெருவில் இருந்தாலும், மகன் இருக்கும்போது மகள் வீட்டில் தங்குவதா என்பது அவளுடைய கௌரவம்.

ஆடி பிறந்ததும் அம்மாவுக்கு அரிப்பு ஆரம்பித்தது. முதலில் கழுத்து; பிறகு கண் இமை; பிறகு முழங்கை மடிப்பு. ராத்திரி முழுக்கச் சொறிவாள். தோல் கருத்துத் தடித்துப்போனது. வேப்பிலை அரைத்துப் போட்டாள், மஞ்சள் பூசினாள். ஒன்றும் கேட்கவில்லை.

"இந்த ஊர் எனக்கு ஒத்துக்கல கண்ணு. என்னை ரயில் ஏத்தி விட்டுடு" என்றாள்.

எனக்குக் கோபம்தான் வந்தது. ஊரைவிட்டு வர மனசில்லாமல் சாக்குச் சொல்கிறாள் என்று நினைத்தேன். என் மனைவிக்கு வேறு கவலை. "நான் ஏதோ சரியாகக் கவனிக்கலைன்னுதானேங்க நாலு பேர் சொல்லுவாங்க?" என்று அழுதாள்.

வாசல்தான் அசிங்கமாக இருக்கிறது, அதையாவது சரிசெய்வோம் என்று ஒரு ஞாயிற்றுக்கிழமை மெஷின்காரரைக் கூப்பிட்டேன். 900 ரூபாய். ஒரு மணி நேரத்தில் எல்லாவற்றையும் மொட்டையடித்துவிட்டுப் போனார். அன்று முழுவதும் வாசலில் தூசி பறந்தது. மறுநாள் காலையில் அம்மாவால் கண்ணைத் திறக்கமுடியவில்லை. இமை அப்படி வீங்கியிருந்தது. மூன்று வாரத்தில் வெட்டிய இடமெல்லாம் பழையபடி துளிர்த்துவிட்டது.

டாக்டர் கேட்ட கேள்வி

தோல் டாக்டரிடம் அழைத்துப் போனேன். கழுத்தையும் இமையையும் பார்த்துவிட்டு அவர் கேட்ட முதல் கேள்வி: "வீட்டு முன்னால் என்ன செடி இருக்கிறது?"

அடுத்த கேள்வியை அம்மாவிடம் கேட்டார். "நீங்க அதைத் தொடுவீங்களாம்மா?"

அப்போதுதான் எனக்கு விஷயமே தெரிந்தது. நான் ஆபீஸ் போனபிறகு, தினமும் சாயங்காலம் அம்மா வாசலில் குந்திக்கொண்டு கொஞ்சம் கொஞ்சமாகக் களை பறித்திருக்கிறாள். வெறும் கையால். ஊரில் கேழ்வரகுக் கொல்லையில் களை எடுத்த கை அது. "அவன் எங்க செய்யப்போறான், நாமளாவது செய்வோம்னு பார்த்தேன்" என்று டாக்டரிடம் சொன்னாள். நான் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

செடியின் பெயர் பார்த்தீனியம். பெங்களூரில் காங்கிரஸ் செடி என்றால் எல்லாருக்கும் தெரியும். இலை கேரட் இலைபோல் பிளவுபட்டிருக்கும். பூ வெள்ளை வெளேரென்று மூக்குத்திபோல் சிறியது. அமெரிக்கக் கண்டத்தின் வெப்பப் பகுதிதான் சொந்த ஊர். 1950-களின் நடுவில் புனாவில் முதலில் கவனித்தார்கள். காங்கிரஸ் ஆட்சியில் அமெரிக்காவிலிருந்து இறக்குமதியான கோதுமையோடு வந்ததால் அந்தப் பெயர் என்று சொல்வார்கள். பூ காங்கிரஸ்காரர்களின் வெள்ளைக் குல்லாய் மாதிரி இருப்பதால் என்று சொல்பவர்களும் உண்டு. எது எப்படியோ, இன்று ரயில் பாதை ஓரம், காலி மனை, சாக்கடைக் கரை என்று அது இல்லாத இடம் இல்லை. நம் தமிழ்நாட்டிலும்தான்.

செடியில் பார்த்தீனின் என்ற நச்சுப்பொருள் இருக்கிறது. தொட்டால் சிலருக்கு உடனே ஒன்றும் தெரியாது. திரும்பத் திரும்பப் படும்போது ஒருநாள் உடம்பு எதிர்க்க ஆரம்பிக்கும். அதன்பிறகு தொடவே வேண்டாம்; காற்றில் வரும் மகரந்தமும் காய்ந்த செடியின் தூசியும் போதும். அதனால்தான் சேலை மூடாத கழுத்திலும் முகத்திலும் அதிகம். சிலருக்கு மூச்சிரைப்பும் வரும். பூத்திருந்த நேரத்தில் மெஷின் விட்டு நான் செய்தது, விஷத்தை அம்மாவின் முகத்தில் அள்ளித் தூவிய வேலை.

"செடி போகிறவரை அம்மா இங்கே இருக்கக்கூடாது" என்றார் டாக்டர். தங்கை வீட்டுக்கு அனுப்பிவைத்தேன். ரயில் ஏறும்போது, "சுத்தமானா சொல்லு, வரேன்" என்றாள். வருவாள் என்று எனக்கு நம்பிக்கை இல்லை.

மூன்று ஞாயிறு

செப்டம்பர் மாதம். நல்ல மழை பெய்து மண் இளகியிருந்தது. இதுதான் சமயம் என்றார் கீமேன். ஈரமண்ணில்தான் வேரோடு வரும். காய்ந்த மண்ணில் இழுத்தால் தண்டு அறுந்து, அடி தங்கித் திரும்பத் துளிர்க்கும். முழுக்கைச் சட்டை, ரப்பர் கையுறை, மூக்கில் துண்டு. வேலை முடியும்வரை கையை முகத்துக்குக் கொண்டுபோகாமல் இருப்பதுதான் பெரிய கஷ்டம். மூக்கு அரிப்பது அப்போதுதான்! முடிந்ததும் சட்டையைத் தனியாகத் துவைக்கவேண்டும்.

பூக்காத செடியைக் குழியில் போட்டு மக்கவைக்கலாம். பூத்ததை மட்டும் அசையாமல் சாக்கில் திணித்து, ஆழமாகக் குழி வெட்டிப் புதைத்தோம். ஒரு செடி 10,000-க்கும் மேல் விதை போடும். முளைத்து ஒரு மாதத்தில் பூத்துவிடும். ஆகவே வெள்ளை தெரிவதற்கு முன்பே பிடுங்குகிறவன்தான் கெட்டிக்காரன்.

வெளியே சாக்கடைக் கரையில் இருந்ததற்கு உப்புத் தண்ணீர். லிட்டருக்கு 200 கிராம் சமையல் உப்பைக் கரைத்து, வெயில் நாளில் இலை நனையத் தெளித்தால் கருகிவிடும். தோட்ட மண்ணில் இதைச் செய்யக்கூடாது. வேறு எதுவும் வளராது.

இரண்டாவது ஞாயிறு ஓர் அதிசயம். பல செடிகளில் இலையே இல்லை, வெறும் ஈர்க்குதான். வெளுத்த முதுகில் பழுப்புக் கோடு போட்ட சின்ன வண்டுகள் மேய்ந்துகொண்டிருந்தன. இந்தச் செடியைத் தின்பதற்காகவே மெக்சிகோவிலிருந்து தருவித்து, 1984-ல் இதே பெங்களூரில் விட்ட வண்டு அது. மழைக்காலத்தில் தின்னும்; வறட்சியில் மண்ணுக்குள் தூங்கிவிடும். என் பையன் நசுக்கப் போனான். தடுத்தேன். நான் ஆறு வருஷமாகச் செய்யாத வேலையைச் சம்பளமில்லாமல் செய்கிற ஜீவன் அல்லவா?

செடி போகப் போக மண்ணுக்குள்ளிருந்து பழைய தோட்டம் வெளியே வந்தது. பாதையின் இருபுறமும் செங்கல்லைச் சாய்த்துப் பல்வரிசைபோல் நட்டு, சுண்ணாம்பு அடித்திருந்தார்கள். அது ரயில்வேக்காரன் கைவேலை. எந்த ஸ்டேஷன் வாசலிலும் பார்க்கலாம். நெருக்கத்தில் நோஞ்சானாகிப்போன ஒரு செம்பருத்தி, ஒரு கறிவேப்பிலை. எனக்கு முன்னால் இருந்த யாரோ ஒருவர் வைத்தது. அவருக்கும் டிரான்ஸ்பர் பயம் இருந்திருக்கும்தானே?

போனில் அம்மாவிடம் சொன்னேன். உடனே அதிகாரம் பண்ண ஆரம்பித்துவிட்டாள். "மூக்கிரட்டை இருந்தா பிடுங்காத, பொரியலுக்கு ஆகும். கீழாநெல்லியை விட்டுவை. மண்ணைச் சும்மா போடாதடா, மறுபடி அதுவே வரும். ஆயுத பூசைக்கு ஆபீசுல மாலை போடுவீங்களே, அந்தச் செண்டுமல்லியைக் காயவெச்சு உதிர்த்துப் போடு."

ஆபீசில் பீரோவுக்கும் கம்ப்யூட்டருக்கும் போட்ட மாலைகளைப் பையில் கட்டிக்கொண்டு வந்தேன். சக குமாஸ்தாக்கள் சிரித்தார்கள். பாதிதான் முளைத்தது, 18 அடி அகலத்துக்கு அது போதும். கீமேனும் தன் வாசலைச் சுத்தம் செய்தார். அதற்கடுத்த வீட்டுக்காரரும் இறங்கினார். ஒரு வாசல் மட்டும் சுத்தமாக இருந்து பயனில்லை. விதைக்குக் காம்பவுண்டு தெரியாது.

கார்த்திகை தீபம் கழித்து அம்மா வந்தாள். கேட்டில் இறங்கியதும் மஞ்சள் பூவைப் பார்த்தாள். ஒன்றும் சொல்லவில்லை. செருப்பைக் கழற்றிவிட்டுப் பாதையில் வெறுங்காலோடு நடந்து வந்தாள்.

அரிப்பு அடியோடு போகவில்லை. ஒருமுறை ஒத்துக்கொள்ளாமல் போன உடம்பு அப்படித்தான் இருக்கும், கடைசிவரை ஜாக்கிரதை வேண்டும் என்று டாக்டர் சொல்லிவிட்டார். காற்று அடிக்கும் நாளில் உள்ளேயே இருப்பாள். மற்ற நாளில் வராந்தாவில் நாற்காலி. கையில் ஒரு நீளக் குச்சி.

நேற்று அந்தக் குச்சியால் தண்ணீர்க் குழாய் பக்கம் சுட்டிக் காட்டினாள். கேரட் இலைபோல் நாலைந்து தளிர். இந்த ஞாயிறு எனக்கு அங்கே வேலை.