எலுமிச்சைத் தோலே சாட்சி!

புளியங்குடி விவசாயிகளே, உங்கள் மருந்து அறையில் குளோர்பைரிபாஸ் பாட்டில் மிச்சம் இருக்கிறதா? இருந்தால் அதை எலுமிச்சைக்கு அடிக்காதீர்கள். மத்திய அரசின் 2023-ம் ஆண்டு தடை உத்தரவுப்படி, எலுமிச்சை, ஆரஞ்சு வகைப் பயிர்களில் இந்த மருந்தைப் பயன்படுத்தக் கூடாது. பச்சையாகச் சாப்பிடும் பழம், காய்கறிகளில் டைமெத்தோயேட் மருந்துக்கும் தடை உண்டு.

'சாறு பிழிந்துவிட்டுத் தோலைத்தானே எறிகிறார்கள்' என்று நினைக்க வேண்டாம். குளோர்பைரிபாஸ் தண்ணீரில் எளிதில் கரையாது, எண்ணெயில் கரையும். எலுமிச்சைத் தோலில் எண்ணெய்ப் பைகள் உள்ளன. அதனால் மருந்தின் எச்சம் பெரும்பாலும் தோலிலேயே தங்கிவிடும். ஊறுகாய்க்குப் பழம் தோலோடுதான் போகிறது. ஆய்வகத்திலும் தோலோடு முழுப் பழத்தையும் அரைத்தே சோதிக்கிறார்கள்.

ஐரோப்பிய நாடுகளில் இந்த மருந்துக்கு அனுமதிக்கப்பட்ட அளவு, ஒரு கிலோ பழத்துக்கு 0.01 மில்லிகிராம். அதாவது ஆயிரம் டன் பழத்தில் வெறும் 10 கிராம்! இவ்வளவு குறைந்த அளவையும் ஆய்வகக் கருவிகள் காட்டிக் கொடுத்துவிடும்.

சோதிப்பது எப்படி?

கோவை தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகத்தில் பூச்சிக்கொல்லி எச்ச ஆய்வகம் உள்ளது. கட்டண விவரத்தை முதலில் கேட்டுக்கொள்ளுங்கள். ஒரே மரத்தில் பறிக்காமல், தோட்டத்தின் பல இடங்களிலிருந்தும் சேர்த்து ஒரு கிலோவுக்குக் குறையாமல் எடுங்கள். பழத்தைக் கழுவவோ துடைக்கவோ கூடாது. சுத்தமான பையில் போட்டு, பறித்த தேதி, கடைசியாக அடித்த மருந்து, அடித்த நாள் ஆகியவற்றை எழுதி, வாடாமல் உடனே சேர்த்துவிடுங்கள்.

சோதனைக்கு முன்னே செய்ய வேண்டியவை

* மருந்து வாங்கும்போது பில் கேளுங்கள். லேபிளில் எலுமிச்சைக்குப் பரிந்துரை உள்ளதா என்று பாருங்கள்.
* கடைசி மருந்துக்கும் பறிப்புக்கும் இடையே லேபிளில் சொன்ன நாட்களை விடுங்கள். விலை ஏறிவிட்டது என்று முன்கூட்டியே பறிக்காதீர்கள்.
* இளந்தளிரில் இலைத்துளைப்பான் தெரிந்ததும் 5 சதவீத வேப்பங்கொட்டைச் சாறு தெளியுங்கள்.
* அடித்த மருந்து, அளவு, தேதியை நோட்டில் குறித்து வையுங்கள்.
* தடை செய்த மருந்தைக் கிணற்றிலோ ஓடையிலோ கொட்டாமல் வேளாண் அலுவலரிடம் கேளுங்கள்.

மார்க்கெட்டில் எல்லோருடைய பழமும் ஒன்றாகக் கலந்துதான் லாரி ஏறுகிறது. ஒருவர் தோட்டத்துப் பழத்தில் எச்சம் இருந்தாலும், திரும்பி வருவது மொத்த லோடும்தான். புவிசார் குறியீடு பெற்ற ஊர்ப் பெயரைக் காப்பது நம் ஒவ்வொருவர் கையிலும் இருக்கிறது.