வேகம் குறைந்தது, உயிர்கள் பிழைத்தன

எண்ணெய்த் தட்டுப்பாடு வரும்போது, வாகனங்களை மெதுவாகச் செலுத்துமாறு அரசாங்கங்கள் கேட்டுக்கொள்வது ஏன்? எண்ணெய்க்கும் வேகத்திற்கும் உள்ள தொடர்பு யாது? 1973ஆம் ஆண்டு நிகழ்ச்சிகள் இதனை நமக்கு நன்கு விளக்குகின்றன.

அவ்வாண்டு அக்டோபரில் மத்தியக் கிழக்கில் போர் மூண்டது. இஸ்ரேலுக்குத் துணை நின்ற அமெரிக்காவிற்கு எண்ணெய் அனுப்புவதை அரபு நாடுகள் நிறுத்தின. பீப்பாய் ஒன்று சுமார் 3 டாலருக்கு விற்ற எண்ணெய், சில மாதங்களில் ஏறக்குறைய 12 டாலரை எட்டியது. பெட்ரோல் நிலையங்களின் முன் கார்கள் நீண்ட வரிசையில் காத்து நின்றன.

பிரிட்டனும் மேற்கு ஜெர்மனியும் அவ்வாண்டிலேயே நெடுஞ்சாலை வேகத்தைத் தற்காலிகமாகக் குறைத்தன. அமெரிக்காவில் அதிபர் நிக்சன் 1974 ஜனவரி 2ஆம் நாள் ஒரு சட்டத்தில் கையெழுத்திட்டார். பல மாநிலங்களில் மணிக்கு 70 மைல், அதாவது சுமார் 113 கிலோமீட்டர் வரை இருந்த வேக வரம்பு, நாடெங்கும் 55 மைலாக, அதாவது சுமார் 88 கிலோமீட்டராகக் குறைக்கப்பட்டது.

இதன் காரணம் எளிதானது. எதிர்க்காற்றில் சைக்கிள் மிதித்தவர்கள் அதன் வலிமையை அறிவர். ஓடும் வாகனமும் காற்றைத் தள்ளிக்கொண்டே செல்கிறது. வேகம் இரு மடங்கானால் காற்றின் எதிர்ப்பு நான்கு மடங்காகிறது. அதனை வெல்ல இயந்திரம் மேலும் எண்ணெயைக் குடிக்கிறது. பிரேக்கை அழுத்திய பின் வண்டி நிற்பதற்கு வேண்டிய தூரமும் அவ்வாறே நான்கு மடங்காகிறது.

பலன் என்னவாயிற்று? மிச்சமான எண்ணெய், எதிர்பார்த்ததைவிடக் குறைவே. ஆனால் 1973இல் சுமார் 54,000ஆக இருந்த சாலை மரணங்கள், 1974இல் சுமார் 45,000ஆகக் குறைந்தன. மக்கள் பயணத்தைக் குறைத்துக்கொண்டதும் இதற்கு ஒரு காரணமே. எனினும், அச்சட்டத்தால் ஆண்டுக்கு 2,000 முதல் 4,000 உயிர்கள் காக்கப்பட்டன என்று அமெரிக்கத் தேசிய ஆய்வு மன்றம் 1984இல் கணக்கிட்டது. 1987இல் தளர்த்தப்பட்ட அச்சட்டம் 1995இல் நீக்கப்பட்டது. எண்ணெய்க்காக வந்த சட்டம் உயிர்களையே பெரிதும் காத்தது.

மலேசியாவில் தேசிய வேக வரம்பு 1989இல் நடப்புக்கு வந்தது. இந்நாட்டுச் சாலை விபத்துகளில் மாண்டுபோவோரில் பாதிக்கும் மேற்பட்டோர் மோட்டார் சைக்கிளில் செல்வோரே. விடியுமுன் இருளில் பால் மரம் வெட்டப் புறப்படும் தோட்டத் தொழிலாளர் பலருக்கும் அதுவே வாகனம்.

ஒரு கணக்குப் பார்ப்போம். தோட்டத்திலிருந்து பட்டணம் 10 கிலோமீட்டர் தொலைவில் இருப்பதாகக் கொள்வோம். மணிக்கு 60 கிலோமீட்டர் வேகத்தில் சென்றால் 10 நிமிடம் ஆகும். 90 கிலோமீட்டர் வேகத்தில் பறந்தாலும் ஏறக்குறைய 7 நிமிடம் ஆகும். மிச்சம் மூன்று நிமிடமே! அதற்காக நாம் எதிர்கொள்ளும் காற்றின் எதிர்ப்பும், வண்டி நிற்கத் தேவைப்படும் தூரமும் இரு மடங்கிற்கு மேல் பெருகிவிடுகின்றன.

பதறாத காரியம் சிதறாது என்பது நம் முன்னோர் வாக்கு. மூன்று நிமிடம் முன்னதாகப் புறப்படுவதற்குச் செலவு ஏதுமில்லை. அதனால் பெட்ரோல் காசும் மிஞ்சும். வீட்டில் காத்திருப்போரின் கவலையும் நீங்கும்.