கடல்மீன் தொட்டியில் நுரை எதற்கு?

மாமல்லபுரம் கரையில் அலை உடையும்போது நுரை ஒதுங்குகிறதே, வீட்டுப் பவளத் தொட்டியின் நீரைச் சுத்தம் செய்வதிலும் நுரைக்குப் பெரும் பங்கு உண்டு. மீன் கழிவிலும் மிஞ்சிய தீனியிலும் உள்ள கரிமப் பொருள்கள் பலவற்றின் மூலக்கூறுகளில் ஒரு முனை நீரை நாடும், மறுமுனை விலகும். அதனால் அவை காற்றுக் குமிழியின் பரப்பில் ஒட்டிக்கொள்கின்றன. புரோட்டீன் ஸ்கிம்மர் என்னும் கருவி அந்தக் குமிழிகளை மேலேற்றி, பழுப்பு நுரையாகக் கிண்ணத்தில் சேர்க்கிறது. அழுகி அம்மோனியா ஆவதற்குள் கழிவு வெளியேறிவிடுவதுதான் இதன் அருமை. நன்னீரில் இது சரிவராது; அங்கே குமிழிகள் ஒன்றோடொன்று கூடிப் பெருத்துவிடும். உப்புநீரில் பொடிப்பொடியாகவே நிற்கும்.

அந்த உப்பின் அளவு மாறாதிருக்க, தொட்டி நீர் ஆவியாகிக் குறைந்தால் கடல்நீரை ஊற்றி நிரப்பக்கூடாது. உப்பு ஆவியாவதில்லை அல்லவா? நன்னீரைத்தான் ஊற்ற வேண்டும். ஆனால் கிணற்றுநீரில் நைட்ரேட் இருந்தால் பாசி படரும். சவ்வு வழியே வடிகட்டிய ஆர்.ஓ. நீரே நல்லது. சென்னையை அடுத்த நெம்மேலியில் நாளுக்கு 10 கோடி லிட்டர் குடிநீர் தரும் திறனோடு 2013இல் தொடங்கிய ஆலையும் இதே சவ்வு முறையில்தான் கடல்நீரிலிருந்து உப்பைப் பிரிக்கிறது.