பாட்டுப் பெட்டியும் பாதுகாப்பும்

இராயப்பர் பெயரைத் தாங்கிய இராயபுரம் தொடங்கி எண்ணூர் வரை கடலை ஒட்டி வாழும் நம் குடும்பங்களின் கூடத்தில், திருக்குடும்பப் படத்திற்கும் சுவர்க் கடிகாரத்திற்கும் கீழே ஒரு பெட்டி வீற்றிருப்பதை இன்றும் காணலாம். தூக்கிச் செல்லக் கைப்பிடி உண்டு. மேல்மூடியைத் திறந்தால் சி.டி. வைக்கும் இடம், பின்புறம் இழுத்து நீட்டும் ஏரியலோடு ரேடியோ. கப்பல் வேலையிலிருந்து மாமா கொணர்ந்தது, வளைகுடாவிலிருந்து மருமகன் அனுப்பியது, பர்மா பஜாரில் பேரம் பேசி வாங்கியது என ஒவ்வொன்றுக்கும் ஒரு வரலாறு இருக்கும். பாட்டும் செய்தியும் கைபேசிக்குள் குடியேறிவிட்ட இந்நாளிலும் வீட்டுப் பெரியவர்கள் இப்பெட்டியை விட்டபாடில்லை. ஒரு பொத்தானை அழுத்தினால் பாடுகிறது. அவர்களுக்கு அது போதும்.

பிள்ளைகள் இதைக் கேலி செய்வதுண்டு. நாம் பெரியவர்கள் பக்கமே நிற்கிறோம். 2016 டிசம்பர் 12 அன்று வர்தா புயல் சென்னைக் கரையைக் கடந்தபோது மரங்களும் மின்கம்பங்களும் சாய்ந்து, நகரின் பல பகுதிகள் நாட்கணக்கில் இருளில் கிடந்தன. கைபேசித் தொடர்பு அறுந்தது. தொடர்பு மீண்ட இடங்களிலும் கைபேசிக்கு மின்னேற்ற வழியில்லை. 2015 டிசம்பர் பெருவெள்ளத்திலும் 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் கொட்டிய மழையிலும் மக்கள் பட்ட பாடு இதுவே. அத்தகைய இரவில், ஒலிபரப்பு நிலையம் இயங்கிக்கொண்டிருந்தால் போதும், பேட்டரி போட்ட ரேடியோ பேசும். துறைமுகத்தில் எத்தனையாம் எண் புயல் எச்சரிக்கைக் கூண்டு ஏற்றப்பட்டுள்ளது, காற்று எப்போது திரும்பும், எந்தத் தாழ்வான பகுதியினர் வெளியேற வேண்டும் என்பதெல்லாம் காசிமேட்டு மீனவக் குடும்பத்துக்கு உயிர்ப் பிரச்சினை. ஆகவே இப்பெட்டியை நாள்தோறும் அபாயமின்றிப் பயன்படுத்துவதும், அந்த ஓர் இரவுக்குப் பழுதின்றி வைத்திருப்பதும் வெவ்வேறு காரியங்கள் அல்ல.

முதலில், பெட்டியின் பின்புறமோ அடியிலோ ஒட்டப்பட்டுள்ள சிறு சீட்டைப் படிக்க வேண்டும். நம் வீடுகளுக்கு வரும் மின்சாரம் 230 வோல்ட், 50 ஹெர்ட்ஸ். அமெரிக்காவில் அது 120 வோல்ட், ஜப்பானில் 100. துறைமுகம் சார்ந்த ஊர் நம்முடையது. பல நாட்டுப் பொருள்கள் இங்கு வந்து சேர்கின்றன. 1960களில் பர்மாவை விட்டு வெளியேற நேர்ந்த தமிழர்கள் கடற்கரை ரயில் நிலையத்தருகே கடை விரித்து உருவாக்கிய பர்மா பஜாரில் கிடைக்காத வெளிநாட்டுச் சாமான் இல்லை என்பது பழைய பெருமை. விலையைப் பத்து முறை கேட்பவர்கள் வோல்ட் என்ன என்று ஒருமுறை கேட்பதில்லை! 100 அல்லது 120 வோல்ட்டுக்கெனச் செய்யப்பட்ட பெட்டியை நம் சுவர்ச் சாக்கெட்டில் நேராகச் செருகினால் உள்ளிருக்கும் டிரான்ஸ்ஃபார்மர் கொதித்து, புகைந்து, சில வேளை தீயும் பற்றும். சில பெட்டிகளில் 110, 220 என மாற்றும் சிறு சுவிட்சு அடிப்பாகத்தில் இருக்கும். பிளக்கைச் செருகுமுன் அதைச் சரிபார்க்க வேண்டும். அது இல்லாத பெட்டிக்கு வோல்ட்டைக் குறைக்கும் ஸ்டெப்-டவுன் டிரான்ஸ்ஃபார்மர் தனியே வாங்க வேண்டும். அதன் வாட் அளவு பெட்டியின் வாட் அளவைவிட மிகுதியாய் இருத்தல் அவசியம். அந்தச் செலவுக்கு நம் மின்சாரத்துக்கு ஏற்ற வேறு பெட்டியே வாங்கிவிடலாம் என்பது நம் எண்ணம்.

ஜப்பானிய உள்நாட்டுப் பெட்டிகளில் இன்னொரு குறையும் உண்டு. அந்நாட்டின் பழைய பண்பலை வரிசை 76 முதல் 90 மெகாஹெர்ட்ஸ் வரைதான். இந்தியாவிலேயே முதன்முதலாகப் பண்பலை ஒலிபரப்பு 1977 ஜூலை 23 அன்று தொடங்கிய நகரம் நம் சென்னை, ஆயினும் 101.4-இல் ஒலிக்கும் ரெயின்போ பண்பலையை அப்பெட்டிகள் எட்டா. பளபளப்பைக் கண்டு வாங்குவோர் கடையிலேயே ரேடியோவைத் திருகிப் பார்த்து வாங்குக.

இனி பிளக். வெளிநாட்டுப் பெட்டிகளின் தட்டையான பிளக் நம் வட்டத் துளைகளில் பொருந்துவதில்லை. உடனே என்ன செய்கிறோம்? பிளக்கை வெட்டியெறிந்து, வயரின் நுனியைச் சீவி, வெற்றுக் கம்பியைச் சாக்கெட்டுக்குள் நுழைத்து, தீக்குச்சி செருகி நிறுத்திவிடுகிறோம். நாம் சந்திக்கச் செல்லும் இல்லங்களில் இக்காட்சியை எத்தனையோ முறை கண்டிருக்கிறோம். தவழும் குழந்தை வயரை இழுத்தால் கம்பி வெளியே வந்து விழும். மின்சாரமோ அதில் இருந்துகொண்டேயிருக்கும். சிறு தொகையில் கிடைக்கும் தரமான பிளக் ஒன்றை எலக்ட்ரீஷியன் பொருத்தித் தந்தால் இந்த அபாயம் அன்றோடு தீரும். பெட்டியின் சீட்டில் சதுரத்துக்குள் சதுரம் அச்சிடப்பட்டிருந்தால் அது இரட்டைக் காப்பு உடையது. இரண்டு முள் பிளக் அதற்குப் போதும். மூன்று கம்பியோடு வந்த சாதனமாயின் எர்த் கம்பியை வெட்டிவிடுதல் கூடாது. இன்னொன்று: பெட்டியிலுள்ள பொத்தானை அணைத்துவிட்டதால் மின்சாரம் நின்றுவிட்டதாகக் கருதலாகாது. பல பெட்டிகளில் உள்ளிருக்கும் டிரான்ஸ்ஃபார்மர் அப்போதும் மின்சாரத்தோடு இணைந்தே இருக்கும். சுவர்ச் சுவிட்சை அணைத்து, இடி மின்னல் நாட்களில் பிளக்கையும் பிடுங்கிவிட வேண்டும். வெளியே மாடியில் ஏரியல் கம்பி கட்டியிருந்தால், இடி தொடங்குமுன்பே அதைக் கழற்றிவிட வேண்டும். தொடங்கிய பின் அதன் அருகே போகக் கூடாது.

பெட்டியை எங்கே வைப்பது? நம் தாய்மார் கைவேலை செய்த துணியால் அதைப் போர்த்தி வைப்பது அழகுதான். பாடும்போது துணியை எடுத்துவிட வேண்டும். இல்லையேல் வெப்பம் வெளியேறாது. செபப் பீடத்தின் மேலேயே பெட்டியையும் வைத்து, அருகில் மெழுகுதிரி ஏற்றி, பூச்சாடியில் நீரும் ஊற்றி வைக்கும் வழக்கம் பல வீடுகளில் உண்டு. பிளாஸ்டிக் பெட்டிக்குத் தீயும் நீரும் ஒருசேர அயலார் ஆவது நல்லதன்று. கடற்காற்று வீசும் சன்னலோரமும் ஆகாது. உப்புக் காற்று தகடுகளைத் துருப்பிடிக்கச் செய்து, வால்யூம் குமிழைத் திருகும்போதெல்லாம் கரகரவென்று இரையச் செய்யும்.

புழுதியும் நம் பகுதிக்கே உரிய தொல்லை. துறைமுகத்தின் நிலக்கரித் தூசியை இராயபுரத்தார் நெடுங்காலம் அனுபவித்தார்கள். 2011-இல் உயர் நீதிமன்றத் தீர்ப்புக்குப் பின்னரே சென்னைத் துறைமுகம் நிலக்கரியைக் கையாள்வது நின்றது. எண்ணூர் அனல் மின்நிலையம் 1970 முதல் 2017 வரை இயங்கியது. அத்திப்பட்டு அருகே வேறு மின்நிலையம் தொடர்கிறது. சாம்பல் தூசி சி.டி. பகுதியின் லென்ஸில் படிந்தால் பாட்டு தாவும், விக்கும். லென்ஸ் துடைக்கவென விற்கும் சி.டி.யைப் போட்டுப் பார்க்கலாம். விரலால் தேய்ப்பது வேண்டாம். மூடி திறந்திருக்கும்போது லேசர் ஒளி அணைந்துவிட, உள்ளே சிறு சுவிட்சு ஒன்று வைத்திருக்கிறார்கள். சுழல்வதைப் பார்க்கும் ஆசையில் சிறுவர்கள் அந்தச் சுவிட்சைக் குச்சியால் அழுத்திப் பிடிப்பதுண்டு. அந்த லேசர் ஒளி 780 நானோமீட்டர் அலைநீளம் உடையது. கண்ணுக்கு ஏறக்குறைய புலப்படாது. புலப்படாத ஒளிக்கு இமை தானே மூடாது. மூடிய நிலையில் தீங்கற்ற இக்கருவியைத் திறந்த நிலையில் ஓடவிட்டு உற்று நோக்குவது கண்ணுக்குக் கேடு.

பேட்டரியைப் பற்றிச் சற்று விரிவாகவே சொல்ல வேண்டும். திருவொற்றியூர் நெடுஞ்சாலையில் எவரெடி பேட்டரி ஆலை பல்லாண்டு இயங்கியதால் அந்தச் சிவப்புப் பேட்டரி நம்மவர்க்குச் சொந்தக்காரர் போல. அதன் உள்ளே என்ன நடக்கிறது என்பதை அங்கே வேலை பார்த்தவர்கள் அறிவார்கள். சாதாரண பேட்டரியில் வெளிக்கூடாக இருக்கும் துத்தநாகமே கரைந்து மின்சாரம் தருகிறது. தீர்ந்துபோன பின்னும் பெட்டிக்குள் விட்டுவைத்தால் கூட்டில் ஓட்டை விழுந்து, உள்ளிருக்கும் பசை கசிந்து, கம்பிச் சுருள்களை அரித்துவிடும். ஆல்கலைன் வகையில் கசிவது பொட்டாசியம் ஹைட்ராக்சைடு என்னும் கடுங்காரம். வெண்மையான உப்புப் போல் பூத்திருக்கும். அதை வெறுங்கையால் தொடாமல், கையுறை அணிந்து, வினிகரில் நனைத்த பஞ்சால் துடைத்து எடுக்கலாம். கண்ணில் பட்டால் ஓடும் நீரில் நெடுநேரம் கழுவி மருத்துவரிடம் செல்க.

ஆகவே, மின்சாரத்தில் பெட்டி ஓடும் மாதங்களில் பேட்டரியை உள்ளே வைக்க வேண்டாம். அக்டோபரில் வடகிழக்குப் பருவமழை தொடங்குமுன் புதிய பேட்டரி ஒரு தொகுதி வாங்கி, உறையைப் பிரிக்காமல், வாங்கிய மாதத்தை எழுதி உலர்ந்த இடத்தில் வையுங்கள். சாவிக் கொத்தும் ஆணியும் கிடக்கும் தகர டப்பா அதற்கு இடமன்று. உலோகம் இரு முனையையும் தொட்டால் பேட்டரி சூடேறி வீணாகும். பழையதும் புதியதும் கலந்து போடுவது, வலுவிழந்ததை வெயிலில் காயவைத்து மீண்டும் போடுவது, சாதாரண பேட்டரிக்குச் சார்ஜ் ஏற்றுவது ஆகிய சிக்கனங்கள் யாவும் கசிவில்தான் முடியும். ஒன்றை மட்டும் தலைகீழாகப் போடுவதும் அப்படியே.

புயல் இரவில் சி.டி. போடக் கூடாது. தட்டைச் சுழற்றும் மோட்டாருக்கும் லேசருக்கும் மின்சாரம் மிகுதியாய்ச் செலவாகும். ரேடியோ மட்டுமாயின் அதே பேட்டரி பன்மடங்கு நேரம் உழைக்கும். ஒலியைக் குறைத்து வைத்து, செய்தி நேரத்தில் மட்டும் கேட்டு அணைத்துவிடுங்கள். நிலையம் இருக்கும் இடத்தை முள் ஓடும் கண்ணாடி மேல் மையால் முன்கூட்டியே குறித்து வைத்தால் இருட்டில் தேட வேண்டியதில்லை.

வெள்ளம் வீட்டுக்குள் நுழைந்தால்? 2023 டிசம்பரில் எண்ணூர் கழிமுகப் பகுதி வீடுகளில் மழைநீரோடு எண்ணெயும் கலந்து புகுந்தது. தண்ணீரில் நின்றுகொண்டு பிளக்கைத் தொடுவது சாவை அழைப்பதாகும். நீர் ஏறுமுன்பே, கால் உலர்ந்திருக்கையில், மெயின் சுவிட்சை அணைத்துவிட வேண்டும். நனைந்த பெட்டி வெயிலில் காய்ந்து வெளியே உலர்ந்தது போல் தோன்றும். உள்ளே படிந்த உப்பும் சேறும் மின்சாரத்தைக் கடத்தும். பேட்டரியை எடுத்துவிட்டு, ரேடியோ மெக்கானிக் திறந்து பார்க்கும்வரை அதைச் சாக்கெட்டில் செருகவே கூடாது. நாமே திறந்து பார்ப்பதும் தகாது. பிளக்கைப் பிடுங்கிய பின்னும் மின்சாரத்தைத் தேக்கி வைத்திருக்கும் உறுப்புகள் உள்ளே உண்டு.

சில பெட்டிகளோடு ரிமோட் ஒன்று வரும். அதில் நாணயம் போன்ற சிறு பேட்டரி இருக்கும். இக்கட்டுரையில் வேறெதை மறந்தாலும் பெற்றோர் இதை மறக்கலாகாது. குழந்தை அதை விழுங்கி, அது உணவுக்குழாயில் தங்கிவிட்டால், உமிழ்நீரோடு சேர்ந்து மின்சாரம் பாய்ந்து இரண்டு மணி நேரத்துக்குள்ளாகவே சதையை வெந்துபோகச் செய்யக்கூடும். விழுங்கியதாகச் சந்தேகம் எழுந்தாலே போதும்; வாந்தி எடுக்கச் செய்யாமல், தானே வெளியே வரட்டும் எனக் காத்திராமல், ஸ்டான்லி அரசு மருத்துவமனை போன்ற பெரிய மருத்துவமனைக்கு உடனே கொண்டு சென்று எக்ஸ்ரே எடுக்கச் சொல்லுங்கள். ரிமோட்டின் மூடி தளர்ந்திருந்தால் ஒட்டுநாடா சுற்றி வையுங்கள்; ரிமோட் இல்லாமலும் பெட்டி பாடும்.

காதைப் பற்றியும் ஒரு சொல். ஆலையில் எட்டு மணி நேரம் இயந்திர இரைச்சலில் நின்று வீடு திரும்பும் தந்தையின் காது சில மணி நேரம் மரத்தே இருக்கும். அவருக்கு அளவாகத் தோன்றும் ஒலி, மடியிலிருக்கும் குழந்தைக்கு அளவை மீறியது. ஆகவே மாலையில் பெட்டியின் ஒலியைத் தாயோ பிள்ளைகளோ வைக்கட்டும். உலக சுகாதார நிறுவனத்தின் கணக்குப்படி 80 டெசிபல் ஒலியை வாரத்துக்கு 40 மணி நேரம் வரை கேட்கலாம். ஒவ்வொரு 3 டெசிபல் கூடும்போதும் அந்நேரம் பாதியாகும். 89 டெசிபலில் வாரத்துக்கு 5 மணி நேரமே மிஞ்சும். ஹெட்போன் மாட்டிக்கொண்டு உறங்கும் இளைஞர்கள் இக்கணக்கை ஒருமுறை போட்டுப் பார்க்கலாம். அடுத்த வீட்டாரையும் நினைக்க வேண்டும். 2000-ஆம் ஆண்டின் ஒலி மாசு விதிகள், குடியிருப்புப் பகுதிக்கு இரவில் 45 டெசிபல் என வரையறுத்துள்ளன.

ஒருநாள் பெட்டி ஓய்ந்தேவிடும். வயரை எரித்துச் செம்பு எடுப்பவரிடம் அதைக் கொடுக்க வேண்டாம். அந்தப் புகை நம் பிள்ளைகள் மூச்சிழுக்கும் அதே காற்றில்தான் கலக்கிறது. 2022-ஆம் ஆண்டின் மின்னணுக் கழிவு விதிகளின்படி பதிவு பெற்ற மறுசுழற்சியாளரிடம் அதைச் சேர்க்க வேண்டும். ஆனால் சி.டி. மட்டும் ஓடவில்லை என்பதற்காக அவசரப்பட வேண்டாம். லென்ஸ் மங்கிய பெட்டிகளிலும் ரேடியோ இன்னும் பல்லாண்டு உழைக்கும்.