முடிவு சொல்லாத கார்டுகள்

ஃபோக் பாடகியாக அறிமுகமான ஜோனி மிட்செலை ஜாஸ், ராக், ஃபங்க், எலக்ட்ரானிக் என்று எல்லாத் தரப்பும் சொந்தம் கொண்டாடுவது ஏன்?

2008 பிப்ரவரியில் நடந்த கிராமி விழாவில் ‘ஆண்டின் சிறந்த ஆல்பம்’ விருதுக்கு ஏமி வைன்ஹவுஸ், கான்யே வெஸ்ட், ஃபூ ஃபைட்டர்ஸ் என்று விற்பனையில் பெரிய பெயர்கள் மோதின. வென்றவர் ஜாஸ் பியானோ மேதை ஹெர்பி ஹான்காக். 43 ஆண்டுகளாக எந்த ஜாஸ் ஆல்பத்துக்கும் எட்டாத விருது அது. ஆல்பத்தின் பெயர் ‘ரிவர்: த ஜோனி லெட்டர்ஸ்’. அதிலிருந்த பாடல்களில் பெரும்பாலானவை ஜோனி மிட்செல் எழுதியவை.

ஜோனியின் வரிகள் கவிதைக்கு நிகரானவை என்பதில் இரண்டாம் கருத்து இல்லை. ஆனால் சாக்ஸபோனும் பேஸ் கிட்டாரும் வரிகளைப் பாடுவதில்லை. அந்த வாத்தியக்காரர்களையும் அவர் பக்கம் இழுத்தது, ஸ்வரங்களைக் கார்டுகளாக அடுக்கும் அவருடைய ஹார்மனி.

கைக்கு ஏற்ற சுருதி

1943இல் கனடாவின் ஆல்பர்ட்டா மாகாணத்தில் பிறந்தவர் ஜோனி. ஒன்பது வயதில் போலியோ தாக்கியது. பிழைத்து எழுந்தாலும் இடது கையின் பலம் குறைந்துவிட்டது. கிட்டாரில் கம்பிகளை அழுத்திக் கார்டு பிடிக்க வேண்டியது அந்தக் கைதான். வழக்கமான சுருதியில் பல கார்டுகளுக்கு விரல்களை வளைத்து, விரித்து, இறுக்கிப் பிடிக்க வேண்டும்.

சக பாடகர் எரிக் ஆண்டர்சன் ‘ஓப்பன் டியூனிங்’ முறையை அவருக்குக் காட்டினார். எந்த விரலும் வைக்காமல் மீட்டினாலே ஒரு கார்டு ஒலிக்கும்படி கம்பிகளைச் சுருதி சேர்க்கும் முறை அது. ப்ளூஸ் கலைஞர்களிடம் வெகுகாலமாகப் புழங்கியதுதான். ஜோனி அவர்களுடைய சுருதிகளோடு நிற்கவில்லை. ஒரு பாட்டுக்கு ஒன்று என்பதுபோல் தானே உருவாக்கிக்கொண்டே போனார். அப்படிச் சேர்ந்தவை 50க்கும் மேல். ஒவ்வொரு சுருதியிலும் ஓரிரண்டு விரல்களை நகர்த்தினால் போதும், பாடப்புத்தகத்தில் பெயர் தேட வேண்டிய கார்டுகள் வந்து விழுந்தன.

காந்தாரம் இல்லாத இடம்

அந்தக் கார்டுகளில் அப்படி என்ன இருக்கிறது? நம் ஸ்வரங்களை வைத்தே பார்க்கலாம். ச–க–ப மூன்றும் சேர்ந்தால் ஒரு கார்டு. அதில் அந்தர காந்தாரம் இருந்தால் மேஜர். காதுக்கு வெளிச்சமாக இருக்கும். சாதாரண காந்தாரம் இருந்தால் மைனர், சோகம் தட்டும். காந்தாரத்தையே எடுத்துவிட்டு ரிஷபத்தையோ மத்யமத்தையோ வைத்தால்? அதுதான் ‘சஸ்’ கார்டு. மகிழ்ச்சியா துயரமா என்று அது சொல்லாது.

இப்படி ஒரு கார்டை வாசித்தால் உடனே மேஜருக்கோ மைனருக்கோ இறங்கித் தீர்த்துவைக்க வேண்டும் என்பது வழக்கம். ஜோனியோ ஒரு சஸ் கார்டிலிருந்து இன்னொரு சஸ் கார்டுக்குப் போனார். ‘கேள்வி கேட்கும் கார்டுகள்’ என்று அவற்றைக் குறிப்பிட்டார். தன் வாழ்க்கையில் விடை கிடைக்காத கேள்விகள் இருந்தன, அவைதான் கார்டுகளாக வந்தன என்பது அவர் தந்த விளக்கம். ‘ஹெஜிரா’ (1976) ஆல்பத்தின் ‘அமீலியா’ பாட்டில், ஆதார ஸ்வரம் எது என்று காது முடிவுகட்டுவதற்குள் ஹார்மனி வேறிடத்துக்கு நகர்ந்துவிடும். நெடுஞ்சாலைப் பயணத்தில் பிறந்த பாட்டுக்கு அது பொருத்தம்.

ஜாஸ்காரர்கள் வந்த வழி

ராக் பேஸ் கலைஞர்களுக்கு இந்தத் தீராத கார்டுகள் தலைவலியாயின. கார்டின் ஆதார ஸ்வரத்தை அடியில் அழுத்தி வாசிப்பது அவர்கள் பழக்கம். ஜோனி திறந்து வைத்த கேள்வியை அந்த ஒரே ஸ்வரம் மூடிவிடும். ‘ஹெஜிரா’வில் இணைந்த ஜாஸ் பேஸ் கலைஞர் ஜாக்கோ பாஸ்டோரியஸ், ஃப்ரெட் (கழுத்தில் ஸ்வர இடம் காட்டும் குறுக்குக் கட்டை) இல்லாத பேஸ் கிட்டாரில் பாடகிக்குப் பக்கத்தில் இன்னொரு பாடகர்போல் வாசித்தார். கேள்வி திறந்தே இருந்தது.

அடுத்த ஆண்டு சாக்ஸபோன் கலைஞர் வேய்ன் ஷார்ட்டர் வந்தார். இவை கிட்டார் கார்டுகளும் இல்லை, பியானோ கார்டுகளும் இல்லையே என்று அவர் வியந்ததாக ஜோனி சொல்லியிருக்கிறார். 1977 முதல் 2002 வரை வெளிவந்த ஜோனியின் 10 ஸ்டூடியோ ஆல்பங்களிலும் ஷார்ட்டரின் வாசிப்பு உண்டு. நரம்புநோயால் உடல் முடங்கியிருந்த ஜாஸ் மேதை சார்லஸ் மிங்கஸ், தன் மெட்டுகளுக்கு வரி எழுத ஜோனியைத்தான் அழைத்தார். அந்தக் கூட்டில் பிறந்த ஆல்பம் 1979இல் வெளியானபோது மிங்கஸ் உயிரோடு இல்லை.

எடுத்ததும் கற்றதும்

1997இல் பாப் பாடகி ஜேனட் ஜாக்சன், ஜோனியின் ‘பிக் யெல்லோ டாக்ஸி’யிலிருந்து ஒரு துண்டை எடுத்துத் தன் பாட்டில் பயன்படுத்தினார். அதை இரவல் எனலாம். ஃபங்க் கலைஞர் பிரின்ஸ் விஷயம் வேறு. சிறு வயதிலிருந்தே ஜோனியின் ரசிகர். 1987இல் வந்த அவருடைய ஒரு பாட்டுக்குள் வானொலியில் ஜோனி பாடிக்கொண்டிருப்பார். ‘எ கேஸ் ஆஃப் யூ’வைத் தன் பாணியில் பதிவும் செய்தார். அதே பாட்டை 2011இல் எலக்ட்ரானிக் இசைக் கலைஞர் ஜேம்ஸ் பிளேக் பியானோவில் பாடினார். கிட்டாரும் இல்லை, விசேஷச் சுருதியும் இல்லை, பாட்டு நிற்கிறது. எதிர்த்திசையில் சோனிக் யூத். கிட்டார்களை விதவிதமாகச் சுருதி மாற்றி இரைச்சலையே இசையாக்கிய அந்த ராக் குழு, 1988இல் ஒரு பாட்டுக்கு ‘ஹே ஜோனி’ என்று பெயர் வைத்தது.

பிளேக்கும் சோனிக் யூத்தும் ஒருவர்போல் ஒருவர் ஒலிப்பதில்லை. இருவருமே ஜோனிபோலவும் ஒலிப்பதில்லை. செல்வாக்கு என்றால் சாயல் என்றே நினைத்துப் பழகிவிட்டோம். ஜோனியிடமிருந்து இவர்கள் பெற்றது ஒரு துணிச்சல்: வாத்தியத்தைத் தன் கைக்கு ஏற்ப மாற்றலாம், தீர்க்க வேண்டிய கார்டைத் தீர்க்காமலே விடலாம் என்ற துணிச்சல். அதற்குத் தனி இசை வகை கிடையாது. அதனால்தான் எந்த வகைக்காரரும் அவரைத் தம் ஆள் என்கிறார்.